பழைய காரின் ஏபிஎஸ் மாட்யூல்: மாற்றுவதா, பிரித்துப் பார்ப்பதா?

காலையில் வண்டியை எடுக்கும்போது மீட்டரில் எந்த விளக்கும் இல்லை. தாம்பரத்தில் ஏறி வண்டலூர் தாண்டுவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏபிஎஸ் என்று எரிகிறது, பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு. மதியம் மர நிழலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் காணோம். சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 15, 20 வருடம் ஓடிய ஐரோப்பிய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தக் கண்ணாமூச்சி பழக்கமானதுதான்.

சர்வீஸ் சென்டரில், காரின் கணினி பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு சார், முழுசா மாத்தணும்” என்பார்கள். விலையைக் கேட்டால், காரை இன்றைக்கு விற்றால் கிடைக்கும் பணத்தில் பெரிய துண்டு அதற்கே போய்விடும் போலிருக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால் மூன்று வழி தெரியும். கேட்ட பணத்தைக் கட்டுவது; புதுப்பேட்டையில் பழைய யூனிட் தேடுவது; “ஏபிஎஸ் வைத்தா அம்பாசடர் ஓட்டினோம்” என்று விளக்கை மறந்துவிடுவது. மூன்றிலும் வில்லங்கம் இருக்கிறது. காரணம், ‘போயிடுச்சு’ என்று சொல்லப்படும் அந்த யூனிட்டில், விளக்கு இப்படிச் சூட்டுக்கு வந்து குளிருக்குப் போகிறது என்றால், போயிருப்பது பெரும்பாலும் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் மட்டுமே.

முதலில் அந்த அம்பாசடர் வாதத்தை முடித்துவிடலாம். ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் நடக்காது என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. பிரேக்கை அழுத்தினால் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்களுக்குத் தரையின் பிடி குறைகிறது. அதனால் பின்பக்கம் போகும் அழுத்தத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். முன்பு பல கார்களில் இதற்கென்றே ஓர் இயந்திர வால்வு இருந்தது. ஏபிஎஸ் வந்த பிறகு நிறைய மாடல்களில் அந்த வால்வைத் தூக்கிவிட்டு, மாட்யூலின் மென்பொருளிடமே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் ஈபிடி என்று போடுவது இதைத்தான். மாட்யூல் முழுவதுமாகப் படுத்துவிட்டால் ஈபிடியும் சேர்ந்து படுத்துவிடும். அப்போது ஆரஞ்சோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரியும். அந்த நிலையில் மழை நனைத்த சாலையில் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டி வாலை வீசும். அம்பாசடர் ஏபிஎஸ் இல்லாமல் நிற்பதற்கென்று செய்யப்பட்ட கார். இது அப்படியல்ல. சிவப்பும் சேர்ந்து எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டும் இல்லையென்றால் வண்டியை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பானெட்டைத் திறந்தால் ஓர் ஓரமாக உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி ஒன்று தெரியும். அதில் பொதுவாக ஆறு பிரேக் பைப்புகள் வந்து சேரும். பெடலை மிதித்தால் அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. கட்டியின் ஒரு பக்கம் உருளை வடிவ மோட்டார், இன்னொரு பக்கம் கருப்பு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியில் வயர்கள் வந்து சேரும் பெரிய கப்ளர். மூன்றையும் சேர்த்துத்தான் ஏபிஎஸ் யூனிட் என்கிறோம். மாட்யூல் என்று சிலர் மொத்தத்தையும் சொல்வார்கள், சிலர் கருப்புப் பெட்டியை மட்டும் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தாலேயே தேவையில்லாத செலவு நடப்பதுண்டு என்பதால், இங்கே மாட்யூல் என்றால் கருப்புப் பெட்டி மட்டும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சென்சார் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மற்ற மூன்றும் உருளும்போது ஒன்று மட்டும் திடீரென்று வேகம் இழந்தால், அது லாக் ஆகப்போகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் வழியிலுள்ள உள்வால்வு மூடுகிறது. நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அங்கே அழுத்தம் ஏறாது. அதுவும் போதாதென்றால் வெளிவால்வு திறந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை வெளியே விடுகிறது. சக்கரம் மறுபடி உருளத் தொடங்குகிறது. வெளியேறிய ஆயிலை மோட்டார் பம்ப் செய்து மாஸ்டர் சிலிண்டர் பக்கமே தள்ளுகிறது. அவசரமாகப் பிரேக் போடும்போது காலுக்கடியில் படபடவென்று துடிக்கிறதே, அது இந்தத் தள்ளல்தான். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு வால்வுகள். வண்டி வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ஈஎஸ்பியும் உள்ள வண்டி என்றால் பன்னிரண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வால்வுகளின் உலோகத் தண்டுகள் அலுமினியக் கட்டிக்குள் இருக்கின்றன. அவற்றை இயக்கும் காந்தச் சுருள்கள் கருப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. தண்டுகளின் மேல் சுருள்கள் தொப்பி மாதிரி உட்காருகின்றன, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு சொட்டு பிரேக் ஆயில் போவதில்லை. ஆகவே பல வகை யூனிட்டுகளில் நான்கைந்து டார்க்ஸ் திருகைக் கழற்றினால், ஒரு பைப்பைக்கூடத் தொடாமல் மாட்யூலை மட்டும் கையில் எடுத்துவிடலாம். பைப்பைத் திறக்கவில்லை என்றால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும், அதாவது ஏர் எடுப்பதும், இல்லை. பழுது பார்ப்பது சாத்தியமாகவும் மலிவாகவும் இருப்பதற்கு இந்த அமைப்புதான் காரணம்.

விரிசலுக்கும் இதே அமைப்புதான் காரணம் என்பதுதான் வேடிக்கை. அது புரியக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். சக்கரம் லாக் ஆவதைத் தடுக்கும் கருவிக்கு பாஷ் நிறுவனம் 1936-லேயே காப்புரிமை வாங்கியது. 1950-களில் டன்லப்பின் மேக்சரெட் என்ற இயந்திரக் கருவி விமானச் சக்கரங்களில் வேலை செய்தது. அதே மேக்சரெட் 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் ஏறியது. நாம் இன்று ஏபிஎஸ் என்று சொல்லும் மின்னணு அமைப்பு 1978-இல் பாஷிடமிருந்து மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. அப்போது கணினி தனிப் பெட்டியாக இருந்தது. ஹைட்ராலிக் கட்டி எஞ்சின் அறையில், மூளை வேறோர் இடத்தில், நடுவில் கனத்த வயரிங். கட்டி மட்டுமே 6.3 கிலோ. விலையும் கொஞ்சநஞ்சமல்ல, பணக்காரர்களுக்கான பொருள்.

சாதாரணக் கார்களில் ஏபிஎஸ் வர வேண்டுமென்றால் எடையையும் வயரையும் விலையையும் குறைத்தாக வேண்டும். 1989-இல் பாஷ் கணினியைத் தூக்கி ஹைட்ராலிக் கட்டியின் மேலேயே ஒட்டியது. 1990-களின் நடுவில் வந்த 5.3, பிறகு வந்த 5.7 வகைகளில் இது இன்னும் சுருங்கியது. ஏடிஇ நிறுவனத்தின் எம்கே 20, எம்கே 60 வகைகளும் இதே வழியில் போனவைதான். வயர் மிச்சம், இடம் மிச்சம், பணம் மிச்சம். இன்று ஒரு யூனிட் இரண்டு கிலோவுக்கும் கீழே. ஆனால் மூளை போய் உட்கார்ந்த இடம் எஞ்சின் சூட்டுக்கும் பம்ப் மோட்டாரின் அதிர்வுக்கும் நடுவே.

பெட்டிக்குள் பீங்கான் தகடு, பிளாஸ்டிக், அலுமினியக் கம்பி, செம்பு, ஈயம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சூடானால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரியும், ஆறினால் ஒவ்வோர் அளவில் சுருங்கும். இழுபறி முழுக்க இணைப்புகளின் மேல்தான். தினமும் ஆபீசுக்குப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் 15 வருடத்தில் ஏறத்தாழ 11,000 தடவை விரிந்து சுருங்கியிருக்கும். எந்தக் கம்பியாக இருந்தாலும் ஒரு நாள் சோர்ந்துவிடும். விரிசல் விட்ட இணைப்பு குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். வண்டலூரில் எரிந்து மர நிழலில் அணையும் விளக்குக்கு இதுதான் பொருள்.

எங்கே விரிசல் விடும் என்பது வகைக்கு வகை மாறும். வால்வோ 850, அதற்குப் பின் வந்த எஸ்70, வி70 கார்களில் 1990-களின் பிற்பாதியில் இருந்த ஏடிஇ மாட்யூலில், கப்ளர் பின்கள் போர்டில் சேரும் சால்டர் இணைப்புகளில், அதாவது ஈயப் பற்றுகளில் வரும். பின்னைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். நல்ல பூதக்கண்ணாடியில் தெரியும். ஆடி ஏ4, ஃபோக்ஸ்வாகன் பசாட், பிஎம்டபிள்யூ 5 வரிசை போன்ற கார்களில் அதே காலத்தில் இருந்த பாஷ் மாட்யூல்களில் சங்கதி வேறு. அங்கே பீங்கான் தகட்டிலிருந்து பின்களுக்கு மெல்லிய அலுமினியக் கம்பிகள் வளைந்து போகின்றன. அவை ஒட்டும் இடத்தில் விட்டுப்போகும். ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் இருந்த எம்கே 60-இல் பெயர் போன கோளாறு பிரேக் அழுத்த சென்சாருடையது. ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு 01435 என்று வரும்.

குறியீட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பழுது மாட்யூலில்தான் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது, இரண்டு பக்கமும். நல்ல மாட்யூலைத் தூக்கிவிட்டுப் புதிது போட்டவர்களும் உண்டு. மாட்யூல் போயிருக்க, சென்சாரை நான்கு தடவை மாற்றியவர்களும் உண்டு.

ஸ்கேனர் ஒரு குறிப்பிட்ட சக்கரத்தின் பெயரைச் சொன்னால், முதலில் அந்தச் சக்கரத்துக்குப் போங்கள். சென்சார் கேபிள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பித் திரும்பி உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். நம் ஊரில் எலி கடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பத்து நாள் நிறுத்தி வைத்த வண்டியில். சென்சார் படிக்கும் பல் வளையம் துரு ஏறி வெடித்திருக்கலாம். துரு சென்சாரையே தூக்கிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் இதனால் மெதுவாக நிற்கும் நேரத்தில் ஏபிஎஸ் பொய்யாக இயங்கி, ஜெனரல் மோட்டார்ஸ் 2005-இல் பல லட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அங்கே மாட்யூலில் கோளாறு இல்லை. சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய நூலளவு இடைவெளி மாறியதுதான். கடற்காற்று படும் ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மல்டிமீட்டர் வைத்துச் சென்சாரைப் பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வகைச் சென்சார் வெறும் சுருளும் காந்தமும்தான். இரண்டு முனைக்கும் நடுவில் பெரும்பாலும் 1,000 ஓம் அக்கம்பக்கம் காட்டும், சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறிய ஏசி மின்னழுத்தம் வரும். புதிய வகைச் சென்சாருக்குள் சிப் இருக்கிறது. அதை ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்து “செத்துப்போச்சு” என்று தீர்ப்பு சொன்னால் தப்பான தீர்ப்பு. அதை ஸ்கேனரில் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்தின் வேகமும் ஒன்றுபோல ஏறி இறங்குகிறதா, ஒன்று மட்டும் நடுவில் பூஜ்யத்துக்கு விழுகிறதா என்று ஒரு தடவை தெருவைச் சுற்றி வந்தாலே தெரிந்துவிடும்.

குறியீடு சக்கரத்தைச் சொல்லாமல் பம்பையோ வால்வு மின்சாரத்தையோ மாட்யூலையோ சொன்னால் சந்தேகம் கருப்புப் பெட்டியின் பக்கம் நகர்கிறது. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் 01276 என்ற எண் பம்ப் மோட்டாரைக் குறிக்கும். அது வந்தால் மோட்டாரின் சின்னக் கப்ளரைக் கழற்றி, நேரடியாக பேட்டரியிலிருந்து ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டிய பெட்டிதான் சரியில்லை. சுற்றவில்லை என்றால் மாட்யூலைப் பழுது பார்த்துப் பயனில்லை, மோட்டாரே இறுகிவிட்டது. இந்த ஒரு நொடிச் சோதனையைச் செய்யாமல் வாங்கப்பட்ட யூனிட்டுகள் எத்தனையோ.

ஸ்கேனர் மாட்யூலோடு பேசவே முடியவில்லை என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரிய ஃபியூஸ், எர்த், கப்ளர், பேட்டரி என்று வரிசையாகப் பாருங்கள். பேட்டரி நலிந்திருந்தாலே மாட்யூல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு விளக்கைப் போடும். எர்த் வயரின் கண் துருப்பிடித்து, பம்ப் ஓடும்போது மட்டும் மின்னழுத்தம் விழுவதும் உண்டு. வாட்டர் வாஷ் செய்த மறுநாள் விளக்கு வந்தது என்றால், யோசிக்கவே வேண்டாம், கப்ளரைத் திறந்து பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறைக்குள் ஹை பிரஷர் தண்ணீர் அடிப்பதை நம் ஊரில் இன்னும் சுத்தம் என்று நினைக்கிறார்கள். ஏபிஎஸ் வந்த காலத்துக்கு அது ஆகாத பழக்கம்.

இத்தனையும் பார்த்த பிறகும் மாட்யூல்தான் என்று தெரிந்தால், பிரித்துப் பழுது பார்க்கலாமா? வகையைப் பொறுத்தது. போர்டில் சால்டர் விரிசல் விடும் வகை என்றால், கை சுத்தமுள்ள எலக்ட்ரானிக்ஸ் ஆள் செய்துவிடலாம். மூடி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். சிறிய சுழல் கட்டரால் விளிம்பைச் சுற்றி ஆழம் போகாமல் அறுக்க வேண்டும். அவசரப்பட்டு உள்ளே இறக்கினால் போர்டின் தடங்களையும் சேர்த்து அறுத்துவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலாக ஒரு சூடு காட்டி உருக்கிவிட்டால் ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி வெடிக்கும். மூடும்போது வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானைப் போடவே கூடாது. அந்த அமிலம் உள்ளே செம்பை அரிக்கும். அமிலமில்லாத நியூட்ரல் வகை தனியாகக் கிடைக்கிறது.

அலுமினியக் கம்பி வகையில் கதை வேறு. சாதாரண ஈயம் அலுமினியத்தில் ஒட்டாது. கம்பிகளின் மேல் கண்ணாடி போன்ற ஜெல் ஊற்றியிருக்கும். கீழே இருக்கும் பீங்கான் தகடு சால்டரிங் அயர்னின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால், சிப் தொழிற்சாலையில் இருப்பது போல, அல்ட்ராசானிக் அதிர்வில் கம்பியை ஒட்டும் இயந்திரம் வேண்டும். ஜெல்லைச் சுரண்டிவிட்டு செம்புக் கம்பி வைத்து ஒப்பேற்றியவர்கள் இருக்கிறார்கள். சில வண்டிகள் அப்படி வருடக்கணக்கில் ஓடியும் இருக்கின்றன. ஆடியோ செட்டாக இருந்தால் நானும் முயற்சி செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பிரேக்குக்கு அது வேண்டாம். ரிச்சி தெருவில் மொபைல் போர்டில் கண்ணுக்குத் தெரியாத சிப்பை மாற்றும் விரல்கள் இருக்கின்றன, திறமையில் குறைவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அந்த மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்து, எட்டு வால்வும் மோட்டாரும் இருப்பது போல ஏமாற்றி, சூடாக்கிச் சோதிக்கும் பெஞ்ச் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஈசிஎம் எனும் கார் கணினிப் பெட்டிகளை மட்டுமே பழுது பார்க்கும் இடங்களில் அந்த வசதியைக் கேட்டு விசாரித்துக் கொடுங்கள். “சோதிக்கிறோம் சார்” என்றால், எப்படி என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

மாட்யூலைக் கழற்றும்போது நேராக இழுக்க வேண்டும். கோணலாக நெம்பினால் சுருள்கள் இடம் மாறும். கழற்றிய பிறகு வால்வுத் தண்டுகளையும் தொங்கும் கப்ளரையும் பாலித்தீன் பை போட்டுக் கட்டி வையுங்கள். பெட்டி போய் வரும் வரை வண்டி ஓடுமா? உள்வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும்படி அமைக்கப்பட்டது, அதனால் மாட்யூல் இல்லாமலும் மிதித்தால் பிரேக் பிடிக்கும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் யோசனை அது. எல்லாம் செத்தாலும் பழைய காலத்துப் பிரேக்காவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்து வரைந்திருக்கிறார்கள். என்றாலும் ஏபிஎஸ், ஈபிடி இரண்டும் இருக்காது. சில மாடல்களில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் படுத்துவிடும், ஏனென்றால் வேகத்தை அதற்குச் சொல்வதே இந்தப் பெட்டிதான். நான்கு நாள் நிறுத்திவிடுங்கள்.

பழைய மாட்யூலைப் பழுது பார்ப்பதில் இன்னொரு லாபம், அது உங்கள் காரை ஏற்கெனவே அறிந்தது. எஞ்சின் வகை, டயர் அளவு, ஈஎஸ்பி உண்டா இல்லையா என்ற கோடிங் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. திரும்ப மாட்டினால் பெரும்பாலும் அப்படியே ஓடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் மாட்யூலுக்கு அந்த அறிமுகம் கிடையாது. பழைய வால்வோவில் 1998 வரை வந்த மாட்யூலை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம். 1999 மாடலிலிருந்து அது காரின் அடையாள எண்ணோடு பிணைந்தது. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் மாட்டிய பிறகு கோடிங் செய்தாக வேண்டும். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று ஈஎஸ்பி உள்ள காருக்கும் இன்னொன்று இல்லாத காருக்கும் உரியதாக இருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், காயலான் கடையில் கிடைக்கும் மாட்யூலும் அதே வயதுதான். உங்களுடையது 11,000 தடவை விரிந்து சுருங்கியிருந்தால் அதுவும் ஏறத்தாழ அத்தனை தடவை. அதே இடத்தில் அதே விரிசல் வரிசையில் நிற்கிறது. சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நமக்கு நினைவிருக்கும். அப்படி மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றிய யூனிட் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கலாம், மோட்டாருக்குள் துரு வேலை செய்துகொண்டிருக்கும். பழையது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பின்களில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் கட்டியே பழுதானால் இந்தச் சிக்கனம் எதுவும் செல்லாது. கட்டியிலிருந்து ஆயில் கசிவது, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது எல்லாம் வால்வு சரியாக மூடாததன் அடையாளமாக இருக்கலாம். பெடல் இறங்குவதற்கு மாஸ்டர் சிலிண்டரும் காரணமாக இருக்கலாம், அதை முதலில் விலக்கிவிட வேண்டும். கட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது நுண்ணிய இடைவெளிகளில் வேலை செய்யும் பொருள், பட்டறைத் தூசு ஒன்று போதும். இங்கே புதியதுதான் வழி. மாற்றினால் ஏர் எடுப்பதும் சாதாரண வேலையல்ல. வால்வுகளுக்குப் பின்னால் அடைந்து நிற்கும் காற்றை வெளியே கொண்டுவர, ஸ்கேனர் வழியாக பம்பையும் வால்வுகளையும் இயக்கிக்கொண்டே பிளீடிங் செய்ய வேண்டும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இதைக் கொடுத்தால் பஞ்சு போன்ற பெடலோடுதான் திரும்பி வருவீர்கள்.

கட்டி கெடுவதற்கு முக்கியக் காரணம் நாம் பிரேக் ஆயிலை மாற்றாததுதான். ஆயில் என்று நாம் எல்லோரும் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. கொதிநிலை குறைவதைப் பற்றிப் பேசுகிறோம், உள்ளே வால்வுகள் துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. கடலோர ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது அதிகமே அல்ல. பேட் மாற்றும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறார்களே, அப்போது நிப்பிளைத் திறந்து அழுக்கு ஆயிலை வெளியே விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சகதி முழுக்க வந்த வழியே யூனிட்டுக்குள் திரும்பிப் போகும்.

இதுவரை இது ‘ஐரோப்பிய கார் வைத்திருப்பவர் தலைவலி’யாக இருந்தது. இனி அப்படி இருக்காது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. அதற்கு முன் டாப் மாடல் வாங்கியவருக்கு மட்டும் இருந்தது இப்போது சின்ன ஹேட்ச்பேக்கிலும் இருக்கிறது. மாட்யூல்கள் மேம்பட்டிருக்கின்றன, பழைய பலவீனங்கள் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வண்டிகளுக்கு 15 வயதாகி, ஆர்சி புதுப்பிக்கும் நேரம் வரும்போது, தெருமுனைப் பட்டறை ஒவ்வொன்றிலும் இந்தப் பேச்சு வரும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இப்போதே ஒன்றைச் செய்யலாம். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, இரண்டு மூன்று நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைந்தால், வயரை அதோடு சேர்த்து முடிந்திருக்கலாம்.

பழுது பார்த்த மாட்யூல் வந்து, மாட்டி, குறியீடுகளை அழித்த பிறகு நேராக வீட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள். வண்டி நகர்ந்த சில மீட்டரில் பல மாடல்களில் பானெட் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். மாட்யூல் பம்பைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறது, நல்ல அறிகுறி. ஆள் நடமாட்டமில்லாத, சரளை கிடக்கும் மைதானத்தில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். பெடல் படபடக்க வேண்டும், ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்ப வேண்டும். அப்புறம் அடுத்த நாள் உச்சி வெயிலில், ஏசி போட்டு, தாம்பரம் நெரிசலில் ஊர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சூட்டில் வந்த கோளாறு, சூட்டில்தான் போய்விட்டதா என்று தெரியும். விளக்கு மறுபடி வந்தால் குறியீட்டைப் படியுங்கள். பழைய எண்ணே என்றால் மாட்யூல் திரும்பிப் போக வேண்டும். வேறு எண், அதுவும் ஒரு சக்கரத்தின் பெயரைச் சொல்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேலை செய்தவர் முழுசாக அழுத்தி மாட்டாமல் விட்ட ஒரு கப்ளராக இருக்கும்.